வெளுப்பு ஒன்று, கருப்பு ஒன்று: சுங்குவார்சத்திரத்துக்கு இரண்டு சோடாவுடன்

வீட்டில் காக்டெயில் கலப்பது பற்றி நான் எழுதுகிற பதிவுகளில் மரிக்கொழுந்து அடிக்கடி வரும். பூக்காரியிடம் வாங்கித் தலையில் வைக்கிற பொருளை யாராவது பானத்தில் போடுவார்களா, எங்கே பிடித்தீர்கள் இதை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சுங்குவார்சத்திரம் பக்கத்தில் பிடித்தேன். 1991, ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு வழியும் சொல்லி, அன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு. கூடவே வந்து எல்லாவற்றையும் பார்த்த என் வீட்டுக்காரரே இன்றுவரை நம்பவில்லை.

அப்போது நான் மெட்ராசில் எசன்ஸ் தயாரிக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் ருசி பார்க்கிற வேலையில் இருந்தேன். சோடாக் கடைகளுக்கும் மிட்டாய்க் கம்பெனிகளுக்கும் போகிற ஆரஞ்சு, ரோஸ், நன்னாரி எல்லாம் என் நாக்கைத் தாண்டித்தான் வெளியே போகும். நாக்கை விற்றுப் பிழைத்தவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனியில் பார்த்தது போதாதென்று வீட்டிலும் கலந்து பார்ப்பேன், கீழ்வீட்டுக்காரர்களுக்கு வாசனை போகாமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டு. வீட்டுக்காரருக்கு பிராந்தியில் ஆரஞ்சு ஸ்குவாஷை ஊற்றிவிட்டால் அது காக்டெயில். இல்லை ஐயா, நல்ல கலவைக்குக் கட்டில் மாதிரி நாலு கால் வேண்டும், சரக்கு, புளிப்பு, இனிப்பு, கசப்பு என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். அந்த நாலாவது காலுக்குத்தான் பஞ்சம். வெளிநாட்டில் மூலிகை ஊறவைத்த வெர்மூத் என்கிற ஒயினை விடுவார்கள். எனக்குத் தெரிந்த கடை எதிலும் அது கிடையாது.

எங்கள் கம்பெனியில் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டுகிற செல்வி என்று ஒரு பெண். சொந்த ஊர் சுங்குவார்சத்திரத்திலிருந்து தெற்கே ஒரு கிராமம். மெட்ராசில் மாமியார் வீட்டில் இருந்தாள். அவளுடைய அப்பா தனகோட்டி மெட்ராசில் ஒரு பழைய கிளப்பில் சரக்கு கலந்து கொடுக்கிற பார்மேனாக இருந்தவர். வாரம் முழுக்கக் கிளப்பிலேயே படுக்கை, சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்கு வந்து திங்கள் காலையில் திரும்புவார். முந்தின ஆவணியில் இறந்துபோனார். ஒருநாள் மதியம் என் மேசைக்கு வந்து நின்ற செல்வி, கேட்கத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, எங்கம்மா சோறு துன்றதில்லக்கா. நீ ஒரு வாட்டி எங்கூருக்கு வரணும்."

"சோறு தின்னலைன்னா டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போ. நான் எதுக்கு?"

"டாக்டர் ஒன்னும் இல்லன்றாரு. எங்கப்பா செத்ததுலேர்ந்து காக்காக்கு சோறு வெச்சா காக்கா வரமாட்டேங்குது. காக்கா துன்னாதான் எங்கம்மா துன்னும். மதியம் வெச்ச சோறு அப்டியே காயும். ராவுல நீச்சத்தண்ணி ஒரு சொம்பு குடிச்சிட்டுப் படுத்துக்குது. எலும்பும் தோலுமா ஆயிடுச்சிக்கா. இந்த வருசத்த தாண்டாதுன்னு சித்தப்பா சொல்லிக்கினு கீறாரு."

அவள் சொன்னதன் சுருக்கம் இது. பதினாறாம் நாள் படையலில் அப்பாவுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்தார்கள். கறிக்குழம்பு, கருவாடு, வெற்றிலை, அத்துடன் ஒரு குவார்ட்டர் பிராந்தி. காக்காய் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மனுஷன் ஏதோ குறையோடு போயிருக்கிறார் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் ஏதோ ஒன்றைத் தன் கையால் கலந்து குடிப்பாராம். அதைத்தான் கேட்கிறார், பிராந்தியை இல்லை என்பது அம்மாவின் முடிவு. அவர் கலந்து வைத்திருந்த பாட்டில் ஒன்று பாதி மிச்சம் இருக்கிறது. அதில் என்னென்ன இருக்கிறது என்று என் நாக்கு சொன்னால், வருஷப் படையலுக்கு அதேபோல் கலந்து வைத்துவிடலாம்.

எனக்குப் பேய், பிசாசு, காக்காய் எதிலும் நம்பிக்கை இல்லை. ஆனால் ஒரு பார்மேன் தனக்கென்று என்ன கலந்துகொண்டார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எப்படி இருப்பது? அந்த ஆசையில்தான் கிளம்பினேன், சத்தியமாக வேறு காரணம் இல்லை.

வருஷப் படையல் அந்த ஞாயிற்றுக்கிழமை. செல்வி முந்தின நாளே ஊருக்குப் போய்விட்டாள். நாங்கள் இருவரும் காலை ஏழே காலுக்குப் பாரிமுனையில் காஞ்சிபுரம் பஸ் பிடித்தோம். டிக்கெட் ஆறரை ரூபாய். பூந்தமல்லி தாண்டினால் காற்று கொஞ்சம் நன்றாக வரும். தண்டலம் தாண்டி, ஸ்ரீபெரும்புதூரில் பத்து நிமிடம் நிறுத்தி, சுங்குவார்சத்திரம் வந்து சேரும்போது ஒன்பதரை. ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்துக்கு இரண்டே கால் மணி நேரம். உட்கார இடம் கிடைத்ததே பெரிய விஷயம் என்றார் வீட்டுக்காரர்.

அப்போதைய சுங்குவார்சத்திரம் என்பது நாலு டீக்கடை, ஒரு சைக்கிள் கடை, ஒரு லாட்ஜ், லாரி நிற்க ஒரு புளியமரம். அங்கேயே இட்லி சாப்பிட்டோம், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்பது ரூபாய். கிளம்பும்போது இரண்டு கோலி சோடா வாங்கிக்கொண்டோம். செல்வி சொல்லி அனுப்பியிருந்தாள், அப்பா சனிக்கிழமை வரும்போது தவறாமல் இரண்டு சோடா வாங்கி வருவார் என்று. கடைக்காரர் பாட்டிலுக்கு முன்பணம் கேட்டார். திருப்பித் தருவோம் என்று வீட்டுக்காரர் கால் மணி நேரம் வாதாடித் தோற்றார்.

ஊரில் இருந்தது ஒரே ஒரு ஆட்டோ. ஆறு கிலோமீட்டருக்கு இருபத்தைந்து ரூபாய் கேட்டார். ஏறி உட்கார்ந்த பிறகுதான் யார் வீட்டுக்கு என்று கேட்டார். சொன்னேன். வண்டியை எடுத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"பார்மேன் தனகோட்டி வூடா? ஏரிக்கரை முட்டும்தான் வருவேன். அதுக்கு மேல நடந்துக்கங்க."

"ஏன், ரோடு இல்லையா?"

"ரோடு கீதும்மா. கல்லு ரோடு. உங்கள வுட்டுட்டு நான் திரும்பறதுக்குள்ள உச்சி ஆயிடும். உச்சில அந்தாண்ட நான் வண்டி வுடறதில்ல."

"பட்டப்பகல்ல என்னங்க பயம்?" என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

"சார், அந்த வூட்ல ஒரு வருசமா காக்கா குந்தறதில்ல. காக்காக்கு இல்லாத அறிவு எனக்கு வோணாம்" என்றார் ஆட்டோக்காரர்.

பாதி வழியில் ஒரு விசித்திரம் பார்த்தோம். வெட்டவெளியில் ஒரு பெரிய இரும்பு கேட், பூட்டுப் போட்டு நின்றுகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் சுவர் கிடையாது. கம்பெனி வரப்போகிறதாம், முதலில் கேட் வந்துவிட்டது. பக்கத்தில் ஒரு மர நாற்காலி, வாட்ச்மேனுக்கு. நாற்காலியில் துண்டு தொங்கியது, ஆளைக் காணோம். நிலத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியவர்களின் வீடுகள் நாலைந்து பூட்டிக் கிடந்தன. இன்றைக்கு அந்தச் சாலையில் ஷிப்டு பஸ்கள் வரிசை கட்டி நிற்பதைப் பார்க்கிறவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அன்று அந்தப் பூட்டைப் பார்த்தபோது யாரை உள்ளே விடாமல் பூட்டியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

ஏரிக்கரையில் இறங்கி நடந்தோம். கரையின் இந்தப் பக்கம் பனைமரங்களில் காக்காய்கள் சத்தம் போட்டுக்கொண்டுதான் இருந்தன. கடைசி வயலைத் தாண்டியபோது வீட்டுக்காரர் சட்டென்று நின்று, "என்ன இது, காது அடைச்ச மாதிரி இருக்கு?" என்றார். சத்தம் நின்றுபோயிருந்தது. திரும்பிப் பார்த்தால் பனைமரங்களில் காக்காய்கள் அப்படியே இருக்கின்றன. அங்கே கத்துவது இங்கே கேட்கவில்லை. எதிர்க்காற்று என்றார் அவர். காற்றா? ஒரு புல் அசையவில்லை.

தனியாக நின்ற ஓட்டு வீடு அது. பின்பக்கம் கொஞ்ச தூரத்தில், கரையோரமாக ஒரு புங்கமரம், அதன் கீழ் ஒரு தட்டைக் கல். வாசலில் கால் வைத்ததும் ஒரு வாசனை வந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த வாசனை, பெயர் மட்டும் வரவில்லை. வாசனைக்குப் பெயர் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவளுக்கு இது பெரிய அவமானம். என்ன அரைக்கிறாய் என்று செல்வியைக் கேட்டேன். "ஒன்னியும் அரைக்கலியேக்கா, இன்னும் அடுப்பே பத்த வெக்கல" என்றாள்.

செல்வியின் அம்மா கன்னியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கைகள் அவ்வளவு மெலிவு, வளையல் போட்டிருந்தால் முழங்கைவரை ஏறியிருக்கும். கண் மட்டும் நல்ல தெளிவு.

"வா கண்ணு. நாக்கு பாக்குற பொண்ணு நீதானா? பாத்து சொல்லும்மா. அவுருக்கு வெக்கறத வெச்சிட்டா நான் ஒரு வாய் துன்னுவேன். பசி இல்லாம இல்ல. எனக்கும் பசிக்குது."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொன்ன விதத்தில் நான் வந்த காரணம் எனக்கே வெட்கமாகிவிட்டது.

செல்வி பரண்மேல் ஏறி ஒரு சாக்கை இறக்கினாள். உள்ளே துணியில் சுற்றி கார்க் அடைத்த ஒரு பாட்டில், அடி கனத்த இரண்டு கண்ணாடி கிளாஸ்கள். கன்னியம்மாள் தள்ளி உட்கார்ந்துகொண்டார். சரக்கு பாட்டிலைத் தொடுவதில்லை என்பது அவர் வைராக்கியம். அவருடைய அப்பா குடித்தே செத்தவர். கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளைக்குச் சரக்கு ஊற்றுகிற வேலை என்று தாலி ஏறிய பிறகுதான் தெரியுமாம்.

பாட்டிலைத் திறந்து ஒரு ஸ்பூன் எடுத்தேன். கெட்டியாக, தேன் மாதிரி, கொள்ளுத்தண்ணி நிறம். நாக்கில் வைத்தேன். முதலில் வெல்லப்பாகு. அடுத்து வினிகர், அதனால்தான் ஒரு வருஷம் கெடாமல் இருந்திருக்கிறது. கிச்சிலி என்கிற நாட்டு ஆரஞ்சின் தோல், வெள்ளைப் பகுதியைச் சீவாமல் போட்டது. நன்னாரி. ஒன்றோ இரண்டோ கிராம்பு. எல்லாவற்றுக்கும் அடியில் நிலவேம்பின் கசப்பு, ஆணி அடித்த மாதிரி. இத்தனைக்கும் மேலே இன்னொன்று மிதந்தது. வாசலில் வந்த அதே வாசனை. அதற்கு மட்டும் பெயர் தெரியவில்லை.

தெரியாததைவிட, இருக்க வேண்டியது இல்லாததுதான் என்னை உறுத்தியது. நாலு காலில் ஒன்றைக் காணோம். மணிக்கட்டில் ஒரு சொட்டு தேய்த்துப் பார்த்தேன். சரக்காக இருந்தால் சில்லென்று குளிர்ந்து காய்ந்துவிடும். இது பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு நின்றது. சந்தேகம் தீர, தனகோட்டியின் படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கில் ஸ்பூனைச் சூடு காட்டி, சுடரை விளிம்பில் சாய்த்தேன். சாராயத்தைச் சோதிக்க ஊரில் எல்லோரும் செய்கிற வேலைதான் அது. பாகு கொதித்துப் பொங்கியது. தீப் பிடிக்கவில்லை.

செல்வி என் கையைப் பிடித்து அடுப்பங்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. "அக்கா, உன் கால்ல வுழறேன், சொல்லாதக்கா. அவுரு குடிகாரன்னு முப்பது வருசமா கூட குந்தி ஒரு வாய் துன்னதில்ல எங்கம்மா. ஞாயித்துக்கெழம ஆனா அவுருக்குத் தனியா தட்டு வெச்சிட்டு பின்கதவ சாத்திக்கும். அவுரு குடிக்கவே இல்லன்னு தெரிஞ்சா அந்த நீச்சத்தண்ணியும் உள்ள போவாது."

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. பொய் சொல்லிவிடலாம் என்றே நினைத்தேன். பிராந்தி கொஞ்சம் கலந்திருக்கிறது, ஆறிப்போனதால் பிடிக்கவில்லை என்று சொன்னால் முடிந்தது. எலும்புக்கூடாக ஒருத்தி பசிக்கிறது என்று சொல்லும்போது உண்மையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஆனால் திரும்பி வந்தபோது அந்த அம்மாள் ஸ்பூனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷத்தில் முதல்முறையாகத் தொட்டிருக்கிறார்.

"தீ புடிக்கலியே" என்றார்.

வீட்டுக்காரர் தலையைத் தூக்கிக் கூரை ஓடுகளைப் பார்த்தார்.

"புடிக்காது. எனக்கு சொன்னாரு" என்றார் கன்னியம்மாள், எங்களிடம் இல்லாமல் ஸ்பூனிடம் சொல்கிற மாதிரி. "கண்ணாலம் ஆன மொதோ ஞாயித்துக்கெழம. அந்த மரத்தாண்ட கூப்ட்டாரு. கெளப்புல வர்றவன்லாம் எங்கூட ஒன்னு அடின்னு ரோதன பண்றானுங்க, அதுக்காவ பிராந்தி கலர்ல இத செஞ்சி வெச்சிக்கினு இதத்தான் குடிக்கறேன், நீயும் ஒரு வாய் பாருன்னாரு. கைல தந்தத தட்டி வுட்டேன். சரக்கு ஊத்தறவன் குடிக்கலன்னா நம்பறதுக்கு நான் இன்னா பேக்கான்னேன். சட்டையெல்லாம் சாராய நாத்தம் அடிக்குது, இவரு பால் குடிக்கறாராம். அதுக்கப்பறம் அதப் பத்தி அவுரு ஒரு வார்த்த பேசல."

பேசாமல் என்ன செய்தார் என்று நான் கேட்டேன். என் வாய் சும்மா இருக்காது.

"ஞாயித்துக்கெழம உச்சில ரெண்டு கெளாஸ் கலப்பாரு. ஒன்னு கருப்பா இருக்கும், ஒன்னு வெளுப்பா இருக்கும். ரெண்டு கைலயும் எடுத்துக்கினு மரத்தாண்ட போயி குந்துவாரு. அப்பால ரெண்டும் காலியாதான் வரும். ஒன்னு போதாதா இந்த மனுசனுக்குன்னு நான் கதவ சாத்திக்குவேன்."

இங்கே நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் தொழில் தெரிந்தவளுக்கு அது காதில் விழுந்ததுமே புரிந்துவிட்டது. கசப்புப் பானத்தை யாரும் முதல் நாளே முழுசாகக் கொடுப்பதில்லை. புதிதாகக் குடிக்கிறவருக்குப் பாகைக் குறைத்து சோடாவைக் கூட்டி, லேசாகக் கொடுப்பார்கள். பழகப் பழக நிறம் ஏறும்.

"வெளுப்பு யாருக்கும்மா கண்ணு?" என்று அவரே கேட்டார்.

"பழக்கமில்லாதவங்களுக்கும்மா" என்றேன்.

முப்பது வருஷமும் அது வெளுப்பாகவே இருந்திருக்கிறது. முதல் வாய் குடிக்கப்படவே இல்லையே, நிறம் எப்படி ஏறும்? அது அந்த அம்மாளுக்கும் புரிந்துவிட்டது. அவர் அழவில்லை. எழுந்து, சுவரில் இருந்த ஒரு ஆணியைத் தொட்டார்.

"சனிக்கெழம வரச்சொல்ல மரிக்கொழுந்து வாங்கியாருவாரு. நான் தலைல வெக்கமாட்டேன். இதுல மாட்டி வுட்டுடுவேன். விடிஞ்சி பாத்தா ஆணில இருக்காது."

மரிக்கொழுந்து! நாக்குக்குத் தெரியாமல் போனதில் ஆச்சரியமே இல்லை, அது தலைக்குத் தெரிந்த வாசனை. வெர்மூத்தில் போடுகிற கசப்பு மூலிகைக்கு அது பங்காளி என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். மனைவி தலையில் வைக்காததை அந்த மனுஷன் வீணாக்காமல் பாகில் ஊறப்போட்டுக் கொண்டிருந்திருக்கிறார். ஆனால் ஒரு வருஷமாகக் கார்க் அடைத்துச் சாக்கில் சுற்றிப் பரண்மேல் கிடந்த பாட்டிலின் வாசனை, நான் வாசலில் கால் வைத்தபோதே எப்படி வந்தது? இதை நான் இன்றுவரை வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சமைத்து முடித்துப் படையல் போட்டார்கள். சோறு, கறிக்குழம்பு, கருவாடு, வெற்றிலை பாக்கு. நான் ஒரு கிளாசில் கூடவும் இன்னொன்றில் குறைத்தும் பாகு ஊற்றி, பானைத் தண்ணீர் கொஞ்சம், கோலியைத் தட்டிக் கிளாசுக்கொரு சோடா விட்டேன். முதலில் கலந்ததைக் கன்னியம்மாள் பார்த்துவிட்டு, "கருப்பு சரி. வெளுப்பு இன்னும் வெளுக்கணும்" என்றார். அதில் பாதியை எடுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டேன். பக்கத்தில்கூடப் போகாதவர் முப்பது வருஷம் அந்த நிறத்தை எவ்வளவு சரியாகப் பார்த்துவைத்திருக்கிறார் பாருங்கள்.

அந்தப் பக்கத்து வழக்கம், படைத்த பிறகு வீட்டைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும், இறந்தவர் வந்து சாப்பிட. நாங்கள் வெளியே வந்து கொல்லைப்பக்கம் நின்றோம். கன்னியம்மாள் இரண்டு கிளாஸ்களையும் கையில் எடுத்துக்கொண்டார். பின்கதவைக் காலால் தள்ளித் திறந்து, மரத்தை நோக்கி நடந்தார்.

"அம்மா, உச்சி வேளைம்மா" என்றாள் செல்வி. அவர் திரும்பவில்லை.

தட்டைக் கல்லின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். நடுவில் உட்காரவில்லை, இன்னொருவருக்கு இடம் விட்டு ஓரமாக. முகம் எங்களுக்குத் தெரியவில்லை, பக்கவாட்டில் தோளும் மடியும்தான் தெரிந்தன. கிளாஸ்களைக் கல்லின்மேல் வைத்தார், கருப்பு அந்தப் பக்கம், வெளுப்பு இந்தப் பக்கம். வெயில் உச்சந்தலைக்கு நேராக நின்றது. மரத்தில் ஒரு இலை அசையவில்லை. செல்வி என் முழங்கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது. வெளுப்பை அவர் எடுத்து, ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்தது தோளின் அசைவில் தெரிந்தது. மறுபடி குடித்தார். முடித்து, கீழே வைத்து, இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டார்.

அப்போதுதான் அந்தச் சத்தம். கண்ணாடியில் கண்ணாடி லேசாக இடிக்கிற சத்தம், ஒரே ஒரு தடவை. கன்னியம்மாளின் கைகள் மடியில்தான் இருந்தன. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"காத்து" என்றார் வீட்டுக்காரர், மெதுவாக. அவர் நெற்றி முழுக்க வியர்வை.

கன்னியம்மாள் எழுந்து வந்தார். இரண்டு கிளாஸ்களும் காலி.

"ரெண்டையும் நீங்களே குடிச்சீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"நான் வெளுப்புதான் குடிச்சேன்" என்றார்.

அவர் உள்ளே போன பிறகு நான் மரத்தடிக்குப் போய்ப் பார்த்தேன். வீட்டுக்காரர் வேண்டாம் என்றார், நான் கேட்கிற ஜாதியா? கீழே கொட்டியிருந்தால் ஈரம் இருக்க வேண்டும். மண் காய்ந்து கிடந்தது. அவ்வளவு வெல்லப்பாகுக்கு எறும்பாவது வந்திருக்க வேண்டும். ஒரு எறும்பு இல்லை. கருப்பு கிளாஸ் இருந்த பக்கம் மரிக்கொழுந்து வாசனை, அப்போதுதான் தொடுத்த சரம் மாதிரி. கிளாசில் மிச்சம் இருந்த வாசனையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வேகமாகத் திரும்பி வந்தேன்.

உள்ளே கன்னியம்மாள் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். "சோறு போடுடி" என்றார் மகளிடம்.

"காக்காக்கு இன்னும் வெக்கலியேம்மா."

"அப்பால வெச்சிக்கலாம். எனக்குப் பசிக்குது."

செல்வி பரிமாறினாள். கறிக்குழம்பை ஊற்றிப் பிசைந்து, பெரிய கவளமாக எடுத்துச் சாப்பிட்டார் அந்த அம்மாள். இரண்டாவது கவளம், மூன்றாவது. பாதிச் சாப்பாட்டில் பின்மதிலிலிருந்து சத்தம் வந்தது. செல்வி ஓடிப் பார்த்துவிட்டு, "அம்மா! காக்காம்மா! காக்கா வந்துகீது!" என்று கத்தினாள். கத்திக்கொண்டே அழுதாள்.

கன்னியம்மாள் இலையிலிருந்து தலை நிமிரவில்லை. "வரட்டும், அதுக்கும் போடு" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார்.

திரும்பும்போது நாங்கள் சுங்குவார்சத்திரம் போகவில்லை. செல்வியின் சித்தப்பா டிராக்டரில் ஒரகடம் கூட்டுரோடு வரை விட்டார். அங்கிருந்து பஸ்ஸில் சிங்கப்பெருமாள் கோவில், அங்கிருந்து ரயிலில் தாம்பரம், தாம்பரத்திலிருந்து வீடு. சாயங்காலம் நல்ல இடி மழை. சோடா பாட்டில் முன்பணம் போனது போனதுதான் என்று வீட்டுக்காரர் தாம்பரம் வரை புலம்பினார். அதைத் தவிர வேறு எதையும் பேச அவருக்குத் தைரியம் இல்லை.

இப்போது போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கினால் ஒரகடம் பக்கம் ஷேர் ஆட்டோ நிறையக் கிடைக்கும். ஷிப்டு முடிகிற நேரத்தில் மட்டும் போகாதீர்கள், நிற்க இடம் இருக்காது. உள்ளூர் ஏரிக்கரைகளில் நடக்க வேண்டுமானால் காலையிலேயே போய்விடுங்கள், தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், நிழல் குறைவு. உச்சி வேளையில் ஆட்டோக்காரர் வரமாட்டேன் என்றால் வாதாடாதீர்கள்.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: வெல்லப்பாகு ஒரு டம்ளர், வினிகர் கால் டம்ளர், கிச்சிலித் தோல் கொஞ்சம், கிடைக்காவிட்டால் நாரத்தைத் தோல். நன்னாரி வேர் ஒரு விரல் நீளம், கிராம்பு இரண்டு, நிலவேம்பு ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். மரிக்கொழுந்து நாலே காம்பு. கடைச் சரத்தில் மருந்து தெளித்திருப்பார்கள், தொட்டியில் வளர்த்துப் போடுங்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் இதைத் தொடவே வேண்டாம். ஒரு வாரம் ஊறவைத்து வடிகட்டி, சோடாவில் கலக்கலாம். சரக்கு சேர்த்தாலும் நன்றாகத்தான் இருக்கும். நான் சேர்ப்பதில்லை.

கன்னியம்மாள் அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் இருந்தார், மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு. தொட்டியில் மரிக்கொழுந்து வளர்த்தார், தலையிலும் வைத்துக்கொண்டார், ஊர் என்ன பேசினாலும். பாகு தீர்ந்தால் செல்வி மூலம் எனக்குச் சொல்லி அனுப்புவார், நான் செய்து கொடுத்தனுப்புவேன். கடைசியாகச் சொல்லி அனுப்பியபோது செல்வி ஒரு செய்தியும் சேர்த்துக் கொண்டுவந்தாள்.

"இந்த வாட்டி அம்மா நெலவேம்பு கொஞ்சம் தூக்கலா போட சொல்லுச்சிக்கா. இப்பல்லாம் ரெண்டு கெளாசும் கருப்பாதான் கலக்குது."